எரிகோ மதிலும் ஒரு கம்பளியும்

நகைச்சுவைக்கு ஆயுள் குறைவு என்று கூறுவதுண்டு. அவலச்சுவை காலங்கடந்து நிற்கும். மகனை இழந்த தாயின் துயரத்தை உணர்வதற்கு எந்த நாட்டார்க்கும் எந்தக் காலத்தார்க்கும் விளக்கவுரை வேண்டுவதில்லை. நகையோ அவ்வாறன்று. அது தான் பிறந்த ஊரின் பேச்சையும் பழக்கத்தையும் பற்றிக்கொண்டு வாழ்வது. ஊர் மாறினால் பொருள் விளங்காது. காலம் மாறினால் சுவை கெடும். நேற்று வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த நகைச்சுவை இன்று வெறும் சொல்லாய்ப் போவதை ஒவ்வொருவரும் தம் வாழ்நாளிலேயே காண்கின்றனர்.

இப்பொது விதிக்கு விலக்காய் நிற்கும் படைப்புகள் சில உள. அவற்றுள் ஒன்று, 1934ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'இட் ஹாப்பென்ட் ஒன் நைட்' என்னும் திரைப்படம். 'ஓர் இரவில் நிகழ்ந்தது' என்பது அப்பெயரின் பொருள். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்று, ஒன்றே முக்கால் மணி நேரமே ஓடும் இப்படம், தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் பார்ப்போரைச் சிரிக்க வைக்கின்றது. அது எவ்வாறு தோன்றியது, அது தரும் இன்பம் எத்தகையது, அவ்வின்பம் நேர்மையானதுதானா என்னும் மூன்று வினாக்களும் வரலாற்றை விரும்புவோர்க்கும் இலக்கியத்தை விரும்புவோர்க்கும் ஒருங்கே பயன்தருவன.

பசிக்காலத்தில் பிறந்த படம்

1929ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் 1933ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் வேலையிழந்து நின்றனர். அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, மக்கள் அஞ்சித் தம் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடித்ததால் வங்கிகள் பல மூடிக்கிடந்தன. இரண்டே நாளில் நாடெங்கும் உள்ள வங்கிகள் அனைத்திற்கும் அவர் கட்டாய விடுமுறை விடுத்தார்.

இத்தகைய காலத்தில் சினிமாக் கொட்டகைக்குச் செல்வதற்குக் கொடுக்கும் சில்லறைக் காசும் எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டிய காசாக இருந்தது. பெரிய படநிறுவனங்களே தடுமாறின. இப்படத்தை எடுத்த கொலம்பியா நிறுவனமோ பெரிய நிறுவனமும் அன்று. தனக்கெனக் கொட்டகைத் தொடர் எதுவும் இல்லாதது. அதன் கூடம் அமைந்திருந்த பகுதியை ஹாலிவுட்டார் 'வறுமை வரிசை' என்று எள்ளி நகையாடுவர். அதன் தலைவர் ஹாரி கோன் செலவில் கண்டிப்பு மிக்கவர்.

இந்நிறுவனத்தின் முதன்மை இயக்குநராய் விளங்கியவர் பிராங்க் காப்ரா. இவர் 1897இல் இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்தவர். 1903இல் பெற்றோருடன் கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்தார். வறுமையில் உழன்று, படிக்கும்போதே வேலை செய்து, பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர்த் திரைத்துறை புகுந்தார். இவருக்கு உற்ற துணையாய் அமைந்தவர் திரைக்கதை ஆசிரியர் ராபர்ட் ரிஸ்கின். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பார் எழுதிய 'இரவுப் பேருந்து' என்னும் சிறுகதை 1933இல் காஸ்மோபாலிடன் இதழில் வெளிவந்தது. அதனையே இருவரும் படத்திற்கு அடிப்படையாகக் கொண்டனர்.

யாரும் விரும்பாத கதை

இக்கதையில் நடிக்க முன்னணி நடிகையர் பலர் மறுத்தனர். இறுதியில் பாரமவுண்ட் நிறுவனத்தைச் சார்ந்த கிளாடெட் கோல்பர்ட் இசைந்தார். 1927இல் காப்ராவின் இயக்கத்தில் அவர் நடித்த முதற்படம் தோல்வியுற்றிருந்தமையால் அவருக்கு இதில் ஆர்வமில்லை. வழக்கமாகப் பெறும் ஊதியத்தைப்போல் இருமடங்காக 50,000 டாலர் வேண்டுமென்றும், நான்கு வாரத்திற்குள் தம்மை விடுவித்துவிட வேண்டுமென்றும் கேட்டார். இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டன. கதைத்தலைவனாக நடிக்க மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்திலிருந்து கிளார்க் கேபிள் இரவலாக அனுப்பப்பெற்றார். விருப்பமின்றி வந்த இருவரைக் கொண்டு, விரைவாகவும் சிக்கனமாகவும் எடுக்கப்பட்ட படமே பின்னர் வரலாறு படைத்தது.

படம் நியூயார்க்கின் பெரிய அரங்கில் வெளியானபோது ஆரவாரம் ஒன்றும் எழவில்லை. ஆனால் சிற்றூர்க் கொட்டகைகளுக்குச் சென்ற பின்னர், பார்த்தவர் பிறர்க்குச் சொல்ல, சொல்லக் கேட்டவர் திரண்டு வந்தனர். 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நடந்த அகாடமி விருது விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை விருதுகளையும் இப்படம் ஒருங்கே பெற்றது. அதற்குமுன் எந்தப் படமும் பெறாத சிறப்பு இது. பரிசு கிடைக்குமென்று எண்ணாத கோல்பர்ட் அன்றிரவு ஊருக்குப் புறப்பட இரயில் நிலையம் சென்றுவிட்டார். அவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து விருதளித்தனர்.

கதைச் சுருக்கம்

எல்லி என்பவள் பெருஞ்செல்வர் ஒருவரின் ஒரே மகள். தந்தையின் சொல்லைக் கேளாமல், பகட்டு மிகுந்த விமானி ஒருவனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். தந்தை அவளைத் தம் உல்லாசக் கப்பலில் அடைத்து வைக்கின்றார். அவள் உண்ணாமல் அடம்பிடித்து, கடலிற் குதித்து நீந்தித் தப்பி, மையாமியிலிருந்து நியூயார்க் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். அதே பேருந்தில் வேலையிழந்த செய்தியாளன் பீட்டர் வருகின்றான். அவள் யார் என்பதை அறிந்த அவன், ஓர் ஒப்பந்தம் பேசுகின்றான்: அவளைக் கணவனிடம் கொண்டு சேர்ப்பது அவன் பொறுப்பு, அவளுடைய கதையைப் பத்திரிகைக்கு எழுதும் உரிமை அவனுக்கு. மகளைக் கண்டுபிடித்துத் தருவோர்க்கு 10,000 டாலர் பரிசு என்று தந்தை அறிவிக்கின்றார்.

மழையால் வழி தடைப்படுகின்றது. கையிற் பணம் குறைவு. ஆகவே இருவரும் கணவன் மனைவி என்று சொல்லிச் சாலையோர விடுதியில் ஒரே அறையில் தங்க நேர்கின்றது. இரு கட்டில்களுக்கும் இடையே பீட்டர் ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேல் கம்பளி ஒன்றைத் தொங்கவிடுகின்றான். அதற்கு அவன் இட்ட பெயர் 'எரிகோவின் மதில்'. யோசுவாவின் படையினர் எக்காளம் ஊத எரிகோ நகரின் மதில் இடிந்து விழுந்தது என்பது விவிலியக் கதை. தன்னிடம் எக்காளம் இல்லை என்று அவன் அவளுக்கு உறுதி கூறுகின்றான். கதை முழுவதும் இக்கம்பளியின்மீதே நிற்கின்றது எனலாம்.

இன்பம் எங்கே பிறக்கின்றது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுவர். பிறரை இகழ்தல், இளம்பருவத்துச் செயல், அறிவின்மை, பேதைமையாற் கொண்டது விடாமை என அவற்றை எளிய சொற்களாற் கூறலாம். இவை தன்னிடத்தே தோன்றுதலும் பிறரிடத்தே தோன்றுதலும் உண்டு என்பர் உரையாசிரியர். இப்படத்தின் நகைச்சுவையை அளக்க இப்பகுப்பு நல்லதோர் அளவுகோல்.

தொடக்கத்தில் நகை பிறர்பால் தோன்றுகின்றது. உலகறியாத செல்வமகளைப் பார்த்துப் பீட்டர் நகைக்கின்றான். பேருந்து தனக்காகக் காத்திருக்கும் என்று எண்ணி அவள் ஏமாறுகின்றாள். பெட்டி களவு போகின்றது. கையிலுள்ள சில காசுக்கு மிட்டாய்ப் பெட்டி வாங்கப் பார்க்கின்றாள். டோனட்டைக் காப்பியில் எவ்வளவு நேரம் தோய்த்து உண்ண வேண்டும் என்று ஆசிரியர்போல் அவன் பாடம் நடத்துகின்றான்.

பின்னர் நகையின் திசை மாறுகின்றது. பேருந்தை விட்டு இறங்கிச் சாலையில் நிற்கும்போது, போகும் கார்களைப் பெருவிரல் காட்டி நிறுத்தும் கலையில் தான் வல்லவன் என்று பீட்டர் விரிவுரை ஆற்றுகின்றான். பெருவிரலை மூன்று வகையாக அசைத்துக் காட்டலாமாம்! வகைக்கொரு விளக்கமும் தருகின்றான். கார்களோ ஒன்றன்பின் ஒன்றாய்ப் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கின்றன. வேலியின்மேல் அமர்ந்திருந்த எல்லி இறங்கி வந்து, பாவாடையைச் சற்றே உயர்த்திக் காலைக் காட்டுகின்றாள். வந்த முதல் கார் கிறீச்சிட்டு நிற்கின்றது. இக்காட்சியில் நடிக்கக் கோல்பர்ட் முதலில் மறுத்தார் என்றும், வேறொரு பெண்ணின் காலைக் காட்டிப் படமெடுக்க ஏற்பாடு நடப்பதைக் கண்டு தாமே நடிக்க இசைந்தார் என்றும் காப்ரா பிற்காலத்தில் கூறியுள்ளார்.

ஆசிரியன் மாணவனாகின்றான், மாணவி ஆசிரியையாகின்றாள். இத்தலைகீழ் மாற்றமே படத்தின் உயிர். ஒருவர் எப்போதும் வெல்ல, மற்றவர் எப்போதும் தோற்றால் அது ஏளனமாய் முடியும். இங்கே இருவரும் மாறி மாறித் தோற்கின்றனர். தோற்றவர் தம்மைத் தாமே கண்டு நகைக்கக் கற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு கற்றபின் அவர்களுக்கிடையே அன்பு முளைப்பது இயல்பாகின்றது.

பூசலில் தோன்றும் உறவு

படத்தின் மிகச் சிறந்த காட்சி எதுவென்றால், விடுதியில் மறுநாட் காலை நிகழ்வதைச் சொல்லலாம். தந்தை அனுப்பிய துப்பறிவோர் அறைக்குள் நுழைகின்றனர். எல்லி உடனே தலையைக் கலைத்துக்கொண்டு, எளிய தொழிலாளி வீட்டு மருமகள்போல் உரத்துப் பேசத் தொடங்குகின்றாள். பீட்டர் கணவனாகிக் கத்துகின்றான். பழைய சண்டையொன்றை இருவரும் கற்பனையாலேயே கட்டி எழுப்பி வாதிடுகின்றனர். வந்தவர்கள் கூச்சமுற்றுக் கழிகின்றனர். கதவு மூடியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர்.

இருவரும் முதன்முதலாக மனமொத்துச் செய்த செயல் ஒரு பொய்ச்சண்டை! திருமணம் ஆகுமுன்னரே நெடுநாள் வாழ்ந்த கணவன் மனைவியராய் அவர்கள் தோன்றிவிடுகின்றனர். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவெல் 1981இல் வெளியிட்ட நூலில் இப்படத்தையும் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில படங்களையும் ஆராய்ந்தார். பழைய இன்பியல் நாடகங்களில் இளையோரைச் சேர்த்து வைப்பதே முடிவு. இப்படங்களிலோ பிரிந்தோர் அல்லது பிரிய இருப்போர் மீண்டும் சேர்வதே முடிவு. ஓயாத உரையாடலே இங்கே மணவாழ்வு எனப்படுகின்றது என்பது அவர் கருத்து.

இக்கருத்து தமிழ் பயின்றோர்க்குப் புதியதன்று. வள்ளுவர் தம் நூலின் கடைசி அதிகாரமாக வைத்தது ஊடலுவகை. ஊடல் அன்பின் குறை அன்று, அன்பின் நிறைவே என்பது அவ்வைப்புமுறை காட்டும் உண்மை. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. குறளில் கூடியவர் ஊடுகின்றனர். இப்படத்தில் ஊடியவர் கூடுகின்றனர். வரிசை மாறினும் உளவியல் ஒன்றே. சமமானவரிடமே ஊடமுடியும்.

கம்பளி மறைத்ததும் காட்டியதும்

அமெரிக்கத் திரைத்துறையார் 1930இலேயே படங்களுக்கு ஒழுக்கநெறி விதிகளை வகுத்திருந்தனர். ஆயினும் அவை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது 1934 ஜூலைக்குப் பின்னரே. அதன் பின்னர் எழுந்த நகைச்சுவைப் படங்கள் நேரே சொல்ல முடியாததைக் குறிப்பாற் சொல்லப் பழகின. இப்படமோ அக்கண்டிப்புக்குச் சில மாதம் முன்னரே வந்துவிட்டது. ஆகவே இதன் அடக்கத்தை வெறும் அச்சத்தின் விளைவு என்று தள்ளிவிட இயலாது. அது கலைஞர் தாமே விரும்பி ஏற்ற முறை என்று கொள்வதே பொருந்தும். கம்பளியின் அப்புறமிருந்து வரும் குரலைக் கேட்டு இப்புறம் இருப்பவர் முகத்தில் தோன்றும் மாறுதலைக் கேமரா காட்டுகின்றது. மழை பெய்கின்றது. வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் பார்ப்போர் எல்லாவற்றையும் உணர்கின்றனர்.

பீட்டர் சட்டையைக் கழற்றும்போது உள்ளே பனியன் அணிந்திராததைக் கண்டு நாடெங்கும் ஆடவர் பனியன் வாங்குவதை விட்டனர் என்றும், அவ்வாணிகமே சரிந்தது என்றும் ஒரு கதை நெடுநாளாக வழங்குகின்றது. இதற்கு உறுதியான விற்பனைக் கணக்கு எதனையும் எவரும் காட்டவில்லை. பலரும் விரும்பித் திரும்பத் திரும்பச் சொல்வதனாலேயே ஒரு செய்தி வரலாறாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

39 டாலர் 60 சென்ட்

பசிக்காலத்து மக்களை வெறும் சிரிப்பால் ஏமாற்றியது இப்படம் என்று குறைகூறுவோர் உண்டு. செல்வமகளும் ஏழை இளைஞனும் கூடுகின்றனர். கடுமையான தந்தை நல்லவராகிவிடுகின்றார். செல்வர்க்கும் ஏழையர்க்கும் உள்ள பிளவு ஒரு திருமணத்தால் தீர்ந்துவிட்டதுபோல் தோன்றுகின்றது. இக்குறையை எளிதில் ஒதுக்கிவிடுதல் ஆகாது. பேருந்தில் பயணிகள் அனைவரும் சேர்ந்து பாடிக் களித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தாய் பசியால் மயங்கி விழுகின்றாள், சிறுவன் அழுகின்றான், எஞ்சியிருந்த பணம் அவனுக்குப் போகின்றது. ஆனால் அத்தாய் ஏன் பட்டினி கிடந்தாள் என்று படம் கேட்கவில்லை. பேருந்து மேலே செல்கின்றது.

மற்றொரு குறையும் உண்டு. தொடக்கத்தில் தந்தை மகளை அறைகின்றார். அவளுக்கு நாள்தோறும் ஓர் அடி தேவை என்னும் பொருள்படப் பீட்டரும் பேசுகின்றான். அக்காலத்தில் இவை சிரிப்பை எழுப்பின. இக்காலத்தில் நல்லோர் இவ்விடங்களில் சிரிப்பதில்லை, சிரிக்கவும் வேண்டுவதில்லை. ஒரு படைப்பைச் சுவைப்பது என்பது அதில் உள்ள அனைத்தையும் ஏற்பதாகாது.

இவ்விரண்டும் உண்மையாயினும், இன்பம் முழுவதையும் பொய்யென்று கூறிவிட முடியாது. ஏனெனில் இப்படம் பணத்தை மறக்கச் செய்வதில்லை, எண்ணச் செய்கின்றது. உணவுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு என்ற கணக்கு கதைநெடுக ஓடிக்கொண்டிருக்கின்றது. விடுதி அறைக்கு இரண்டு டாலர். வயலில் பறித்த கேரட்டே ஒரு வேளை உணவு. எல்லியை மணக்க எண்ணிய பீட்டர், வெறுங்கையோடு கேட்க மனமின்றி, கதையை விற்று 1,000 டாலர் பெற நள்ளிரவில் நகரம் செல்கின்றான். அவன் தன்னைக் கைவிட்டான் என்று எண்ணி எல்லி தந்தையிடம் திரும்புகின்றாள். காதலரைப் பிரிப்பது இங்கே தந்தையும் அன்று, சாதியும் அன்று. கையில் காசில்லாதவனின் மானமே.

இறுதியில் பீட்டர் செல்வரின் மாளிகைக்கு வருகின்றான். 10,000 டாலர் பரிசைக் கேட்கவே வந்தான் என்று அவர் எண்ணுகின்றார். அவன் கேட்பதோ 39 டாலர் 60 சென்ட். வழியில் அவளுக்காகத் தான் செய்த செலவு அவ்வளவே. ஒரு காசு கூடவும் வேண்டா, குறையவும் வேண்டா. அக்கணக்கைக் கண்டதும் தந்தைக்கு அவன் யார் என்பது விளங்கிவிடுகின்றது. வேலையின்றி வாடியிருந்த ஒரு தலைமுறை, பத்தாயிரத்தைத் தள்ளி உழைத்த கணக்கை மட்டும் கேட்கும் ஒருவனைத் திரையில் கண்டபோது, சிரிப்போடு தன் மதிப்பையும் மீட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

திருமண மேடைக்கு அழைத்துச் செல்லும்போதே தந்தை மகளின் காதில் உண்மையைச் சொல்கின்றார். அவள் மணக்கோலத்தோடு ஓடிச்சென்று காத்திருந்த காரில் ஏறுகின்றாள். கடைசிக் காட்சியில் காதலர் முகமே காட்டப்படவில்லை. விடுதி நடத்தும் முதியவரும் அவர் மனைவியும், புதுமணத் தம்பதியர் கயிறும் கம்பளியும் விளையாட்டு எக்காளமும் ஏன் கேட்டனர் என்று வியந்து பேசுகின்றனர். எக்காள ஒலி எழுகின்றது. கம்பளி தரையில் விழுகின்றது. அவ்வளவே.

வழிவந்த படைப்புகள்

இவ்வகைப் படங்களுக்கு 'ஸ்க்ரூபால்' என்று பெயர் வழங்கலாயிற்று. இச்சொல் அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் உள்ளது. வழக்கமான சுழற்பந்து செல்லும் திசைக்கு மாறான திசையில் வளைந்து செல்லும் பந்து அது. கார்ல் ஹப்பல் என்னும் ஆட்டக்காரர் 1934ஆம் ஆண்டு அப்பந்தினால் புகழ்பெற்ற ஐந்து மட்டையாளரை அடுத்தடுத்து வீழ்த்தினார். எதிர்பாராத் திசையில் திரும்பும் பேச்சும் செயலும் நிறைந்த படங்களுக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. 1936இல் 'மை மேன் காட்ப்ரி', 1937இல் 'தி ஆபுல் ட்ரூத்', 1938இல் 'பிரிங்கிங் அப் பேபி', 1940இல் 'ஹிஸ் கேர்ள் பிரைடே', 1941இல் 'தி லேடி ஈவ்' எனப் பல படங்கள் இம்மரபில் எழுந்தன.

இக்கதை கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. ஏவி.எம். நிறுவனம் 1956இல் இதனைத் தழுவி 'சோரி சோரி' என்னும் இந்திப் படத்தை வெளியிட்டது. ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த அப்படத்திற்குச் சங்கர் ஜெய்கிஷன் இசையமைத்தனர். அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனமும் தன் பழைய கதையையே இசைப்படமாக மீண்டும் எடுத்தது. இன்று இந்நாட்டில் பலர் மனத்தில் நிற்பது சென்னையில் எடுத்த படத்தின் பாடல்களே. 1966இல் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த 'சந்திரோதயம்' என்னும் தமிழ்ப் படத்திலும், வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணும் பத்திரிகையாளனும் சந்திக்கும் கருவில் இக்கதையின் சாயலைக் காணலாம்.

தழுவல்கள் கதையைக் கொண்டு சென்றன. பாடல் வந்த இடத்தில் பேச்சு குறைந்தது, பூசல் சுருங்கிற்று. ஆனால் மூலப்படத்தின் சுவை பூசலிலேதான் உள்ளது. 1993இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. அது பாதுகாக்கப்படும் படச்சுருளுக்கு உரிய மதிப்பு. கலைக்கு உரிய மதிப்போ வேறிடத்தில் உள்ளது. ஒருவரையொருவர் சரிநிகராய் நின்று எதிர்த்துப் பேச முடிந்தவர்களே ஒருவரையொருவர் நேசிக்கவும் முடிந்தவர்கள் என்பதை அறிவுரையாகக் கூறாமல் சிரிப்பாகக் கூறியதே அப்படத்தின் வெற்றி. ஊர் மாறியும் காலம் மாறியும் அச்சிரிப்புக்கு மட்டும் விளக்கவுரை வேண்டாமற்போனதற்குக் காரணம் அதுவேயாம்.